எட்டுக்குள் ஒரு மூன்று

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அவர் இப்போது இருக்கும் பிரேமர்ஹாஃபனிலிருந்து தொலைபேசி வரும். "என்னைக் கேட்டோ எழுதினனீர்?" என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் என் காதைச் சூடாக்குவார். டோர்ட்மண்டில் தமிழர் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஜெர்மன்காரர்கள் அவருடைய நீண்ட குடும்பப் பெயரை முழுவதும் சொல்ல ஆசைப்பட்டு, பாதி வழியில் களைத்து, மிச்சத்தை விழுங்கிவிடுவார்கள். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

கலியாண வீடுகளில் "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்பவர்களிடம் "கார் பாக்கிறனான்" என்பார். கார் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டுவார்கள். அக்கா திருத்தமாட்டார். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அமெரிக்காவில் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ஒரு வகைக் கார் செய்தார்கள். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், அடங்காத பெற்றோல் தாகம். மசில் கார் என்று பெயர். ஜெர்மனியில் இதற்குப் பைத்தியமாக அலைகிற ஒரு கூட்டம் இருக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்களில் ஒன்று சாதாரண விலைக்குப் போகும், மற்றது வீட்டு விலைக்குப் போகும். தொழிற்சாலையிலேயே பெரிய எஞ்சின் பூட்டி வந்ததா, அதே எஞ்சின் இன்றுவரை அதற்குள் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். ஆகவே சாதாரணக் காரில் எங்கேயோ வாங்கிய பெரிய எஞ்சினைப் பூட்டி, அதில் பொறித்திருக்கும் இலக்கத்தைத் தேய்த்து, காரின் இலக்கத்தைப் புதிதாக அடித்து விற்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களைப் பிடிப்பதுதான் அக்காவின் வேலை. டோர்ட்மண்டில் ஒரு மதிப்பீட்டாளரின் அலுவலகத்தில் இருந்தார். அக்கா பார்த்து எழுதிய அறிக்கை என்றால் காப்புறுதிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

நான் லொறிக்காரன். ஓடாத கார்களையும், ஓடினால் தேய்ந்துவிடும் என்று உரிமையாளர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் கார்களையும் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. அக்காவிடம் முதன்முதலில் நான் கொண்டுபோனது ஒரு சிவப்புக் கார். மழை படாமல் மூடிக் கட்டி, புதுப்பெண்ணை அழைத்துப் போவதுபோல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். இறக்கியதும் அங்கே நின்ற மெக்கானிக்குகள் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. அக்கா மட்டும் அந்தப் பளபளப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. தமிழ்க் கடையில் எடுத்து வந்த மாம்பழப் பெட்டி அட்டையைத் தரையில் விரித்து, அதில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போய்விட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்னக்கா, ஏதும் பிழையோ?" என்று கேட்டேன்.

"ஒரு பிழையும் இல்லைத் தம்பி. அதுதான் பிரச்சினை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அக்கா அட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கார் செய்தவன் ஆர்? மனுசன். முன்னாலை ஒரு கார் போகுது, பின்னாலை இன்னொண்டு வருகுது. அவனுக்குப் பசிக்குது, வீட்டிலை பிள்ளைக்குக் காய்ச்சல், சூப்பவைசர் நிண்டு கத்துறான். பெயின்ற் வழிஞ்சிருக்கும். ஒரு ஆணியை மாறிப் பூட்டியிருப்பான். சோக்கட்டியாலை அடையாளம் போட்டிட்டு அழிக்க மறந்திருப்பான். இந்தக் கார் அப்பிடி ஒருத்தன்ரை கையிலையும் படேல்லை. இது அவசரமில்லாமல் ஆறுதலா இருந்து செய்த கள்ளன்ரை வேலை."

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. எஞ்சினை வார்த்த திகதி அதன் இரும்பிலேயே இருக்கும். அந்தத் திகதியைப் பார்த்தால், கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகுதான் எஞ்சின் வார்க்கப்பட்டிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு தாய் பிறந்த கதை. சிவப்புக் காரை மறுபடியும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். இந்த முறை மூடிக் கட்டவில்லை.

அன்றிலிருந்து அக்காவின் வாயில் நான் அதிகம் கேட்டது "பிழை எங்கை?" என்ற கேள்விதான். சிறிய டோர்ச், பல்வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, துணி சுற்றிய காந்தம். இவ்வளவுதான் ஆயுதம். இளம் வயதில் கார்களுக்கு வர்ணம் அடிக்கும் கராஜ் ஒன்றில் மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தவர். அந்தக் கராஜில் உடுப்பு மாற்றப் பெண்களுக்கென்று ஓர் அறையே இருக்கவில்லையாம். பூச்சின் மேல் பூச்சு எத்தனை, எது தொழிற்சாலையில் அடித்தது, எது பிறகு அடித்தது என்று விரலால் தடவியே சொல்வார். உரிமையாளர்கள் வாசலிலேயே தடித்த கோப்பு ஒன்றை நீட்டுவார்கள். அதைக் கையால் தள்ளிவிடுவார். "கடதாசி கதைக்கும். இரும்பு கதைக்காது. கதைக்காததை முதல் கேப்பம்," என்பார். கோப்பியும் கேக்கும் வைத்தால் அறிக்கை எழுதி முடியும்வரை தொடமாட்டார். இதனால் மனம் நொந்த ஜெர்மன் இல்லத்தரசிகள் பலர். அந்தக் கேக்குகளை அவர் சார்பில் சாப்பிட்டவன் நான்.

வேலைத்தலத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ஒரு கோட்டை செய்து மேசையில் வைத்திருந்தாள். அழகென்றால் அப்படியொரு அழகு. அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியையும் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"மகள்தான்," என்றேன்.

"பத்து வயசுப் பிள்ளை ஒட்டினதிலை ஒரு இடத்திலையும் பசை வழியேல்லையோ?" என்று கேட்டுவிட்டு என் கைவிரல்களைப் பார்த்தார். விரல்களில் பசை இன்னும் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. என் மனைவி குசினிக்குள் போய்ச் சிரித்தது வெளியே கேட்டது. மகள் அடுத்த நாள் தானே செய்த இன்னொரு கோட்டையைக் கொண்டுபோனாள். கோபுரம் சரிந்து, கதவு கோணலாக, பார்க்கவே பயமாக இருந்தது. அதற்கு அக்கா ஐந்து யூரோ பரிசு கொடுத்தார்.

ஒரு கலியாணத்தில் மணவறை, விளக்கு, சாப்பாடு எல்லாம் ஏற்பாட்டாளர்கள் வைத்து அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார். ஒலிவாங்கியில் அறிவித்தவர் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக மாப்பிள்ளையின் தமையன் பெயரைச் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய் எழும்பி நின்று கத்த, மாப்பிள்ளையின் மாமன் பதிலுக்குக் கத்த, தமையன் வெட்கத்தில் வெளியே ஓட, அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்து, "இப்பத்தான் கலியாணவீடு மாதிரி இருக்கு," என்றார். சத்தமாகச் சொன்னதுதான் கரைச்சல். பெண் வீட்டார் அதன்பின் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவரை ஏமாற்ற ஒருவன் பிறந்திருந்தான். பச்சைக் கார் ஒன்று. தெற்கிலிருந்து வந்தது. கதவின் உள்விளிம்பில் பெயின்ற் ஒரு துளி வழிந்து காய்ந்திருந்தது. அதைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். "இஞ்சை பாரும், வழிஞ்சிருக்கு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கார் அசல் என்று அறிக்கை போனது. ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர் ஒருவர் அதை வாங்கினார்.

ஏழு மாதம் கழித்து, தான் எடுத்த படங்களை வேறு எதற்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு அது கண்ணில் பட்டது. அந்தத் துளி வழிந்தது கீழ்நோக்கி அல்ல, கதவுக் கீல் பக்கமாக. தொழிற்சாலையில் கதவு காரில் நின்றபடிதான் வர்ணம் பூசுவார்கள். துளி நிலத்தை நோக்கித்தான் ஓடும். கீல் பக்கம் ஓட வேண்டுமானால் கதவைக் கழற்றி, கீல் பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வைத்து அடித்திருக்க வேண்டும். யாரோ ஒருவன் அக்காவைப் போன்றவர்களுக்காகவே ஒரு பிழையைச் செய்து வைத்திருந்தான்.

"விடுங்கோ அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது," என்றேன். அவருடைய முதலாளியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அக்கா ரயில் ஏறிப் போய் அந்த ட்ராம் ஓட்டுநரின் வீட்டுக் கதவைத் தட்டி, "நான் பிழையாகப் பார்த்துவிட்டேன்," என்று சொன்னார். அறிக்கையைத் திரும்பப் பெற்றார். விற்றவனோடு வழக்குப் போட்டு அந்த மனிதர் காரைத் திருப்பிக் கொடுத்தது வேறு கதை. ஆனால் செய்தி பரவிவிட்டது. அந்தத் தமிழ்ப் பெண்ணை ஏமாற்றலாம் என்று கார்ச் சங்கங்களில் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் அக்கா பிழையைத்தான் தேடினார். ஆனால் கண்டவுடன் சந்தோஷப்படுவதை நிறுத்திவிட்டார். "பிழையும் சும்மா வராது காணும். அதுக்கும் ஒரு காரணம் இருக்கோணும்," என்பார்.

இந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர், அறுபதைத் தாண்டியவர், கம்பளிக் குல்லாவைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டே பேசினார். அவருடைய தம்பி ஒன்றரை வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். தம்பி விட்டுச் சென்றது ஒரு கறுப்பு மசில் கார். தம்பி இருந்த கார்ச் சங்கம் அசல் கார்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருந்தது. அதில் சேர்ப்பதற்காக நாலு வருடத்துக்கு முன் சங்கத் தலைவர் காரைப் பார்த்திருக்கிறார். எஞ்சின் இலக்கத்தின் கடைசி எண் எட்டு. அந்த எட்டுக்குள் ஒரு மூன்று மங்கலாகத் தெரிந்தது. மூன்றில் முடியும் வேறொரு காரின் எஞ்சினை எடுத்து, மூன்றை எட்டாக்கி அடித்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். உறுப்பினர்கள் கூடித் தம்பியை மோசடிக்காரன் என்று சங்கத்திலிருந்து நீக்கினார்கள். பிறகு அந்த மனிதர் ஒருவரையும் பார்க்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பாராம்.

"எனக்கு விலை வேண்டாம். நான் விற்கவும் மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "என் தம்பி அந்த இலக்கத்தைத் தொடவில்லை என்று எழுதித் தாருங்கள்."

"அப்படி எழுத முடியாது. கண்டதைத்தான் எழுதலாம்," என்றார் அக்கா. பிறகு, "எட்டுக்குள் மூன்று தெரிகிறதா? நன்றாகத் தெரிகிறதா?" என்று கேட்டார். கேட்ட விதத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அன்று பின்னேரமே லொறியை எடுத்துக்கொண்டு போய்க் கறுப்புக் காரை ஏற்றி வந்தேன்.

அக்கா எஞ்சினின் மேல் குனிந்து அந்த எட்டையும் மூன்றையும் அரை மணித்தியாலம் பார்த்தார். "கள்ளன் எண்டால் பழசை ஒழுங்காத் தேய்ச்சுப்போட்டுத்தான் புதுசை அடிப்பான்," என்றார். "இது தேய்க்கேல்லை. மூண்டை அடிச்சவன் அடுத்த நிமிசமே ஐயோ எண்டு எட்டை எடுத்து அதுக்கு மேலை அடிச்சிருக்கிறான். தொழிற்சாலைக்காரன்ரை கை இது." சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஆனால் பச்சைக் காரிலையும் நான் உப்பிடித்தான் சொன்னனான்."

பிறகு அட்டையை விரித்து அடியில் போனார். அடிப்பக்கம் முழுவதும் தார் பூசியதுபோல் கறுப்பாக இருந்தது. ஜெர்மன்காரர் உன்டர்போடன்ஷுட்ஸ் என்பார்கள். குளிர்காலத்தில் தெருவில் போடும் உப்பு காரின் அடியைத் தின்னாமல் இருக்க அடிக்கும் பூச்சு. அசல் கார்ப் பிரியர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. அமெரிக்க வேலைப்பாடு எல்லாவற்றையும் அது மூடிவிடும் என்று திட்டுவார்கள். எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் அதை அடிக்கக்கூடாது. ஆனால் இந்தக் காருக்கு அடித்த வேலையாள் சோம்பேறி. மூடி வைக்காமல் கியர் பெட்டிக்கும் சேர்த்து அள்ளி அடித்திருந்தான்.

அடியிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை நான் பல மாதமாகக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். தொழிற்சாலையில் எஞ்சினுக்கு அடித்த அதே அச்சால் கியர் பெட்டியிலும் அதே இலக்கத்தை அடிப்பார்கள். அச்சில் மூன்றைத் தவறாகக் கோத்தவன் இரண்டிலும் அடித்த பிறகு பிழையைக் கண்டிருந்தால், கியர் பெட்டியிலும் எட்டுக்குள் ஒரு மூன்று இருக்க வேண்டும். அந்த இடம் கறுப்புப் பூச்சுக்குக் கீழே இருந்தது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் ஆணிகளின் தலைகளும் அதே பூச்சுக்குக் கீழே, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தன. பூச்சு அடித்த கராஜ்காரர் கதவுத் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். மாதம், ஆண்டு, ஓடிய தூரம் எல்லாம் அதில் இருந்தது. கடைசியாகத்தான் அக்கா கோப்பைத் திறந்தார். காரின் உரிமைப் பத்திரத்தில் முதல் பெயர் ஒரு பாண் பேக்கரிக்காரருடையது. ஊருக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் வாங்கியவர். இரண்டாவது பெயர் தம்பியுடையது. பூச்சு அடித்து ஆறு வருடம் கழித்துத்தான் தம்பி காரை வாங்கியிருந்தார்.

"அப்ப வெண்டாச்சு!" என்றேன்.

"எங்கை வெண்டது? சிலவேளை எஞ்சினை அடிச்ச உடனையே பிழையைக் கண்டிருப்பான். அப்பிடியெண்டால் கியர் பெட்டியிலை வெறும் எட்டுத்தான் இருக்கும். பேந்து என்ன சொல்லுவினம்? தம்பிக்காரன் காருக்குப் பொருந்த எஞ்சினிலை மூண்டை எட்டாக்கினவன் எண்டு தீர்ப்பே எழுதிப்போடுவினம்."

"அப்ப ஒரு சின்ன மூலையை இப்பவே சுரண்டிப் பாப்பம் அக்கா. மூண்டு இருந்தால் எல்லாருக்கும் காட்டலாம். இல்லாட்டி நான் பேசாமல் காரை ஏத்திக்கொண்டுபோய் விடுறன்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"இந்தப் பூச்சு உடையாமல் இருக்கிறதுதான் எங்களிட்டை இருக்கிற ஒரே சாட்சி. நீர் ஒருக்கால் சுரண்டினால் பேந்து ஆர் நம்புவினம்? அதோடை, நான் தனியப் பாத்திட்டு வந்து அவைக்கு முன்னாலை தெரியாத மாதிரி நிக்கிறதோ? அந்த நடிப்பு எனக்கு வராது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவுக்காகவும் கோபம், அக்காவுக்காகவும் கோபம். இந்த முறையும் பிழையாகப் போனால் அக்காவிடம் ஒருவரும் கார் கொண்டுவரமாட்டார்கள். அதை அவருக்கும் சொன்னேன். "அது எனக்குத் தெரியும். காரை ஏத்தும்," என்றார்.

அந்த அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். பார்க்கலாம், ஆனால் ஒரு தடவைதான் பார்க்கலாம். எல்லோருக்கும் முன்னால்தான் பார்க்கலாம். எதிராகவும் வரலாம். அந்த அம்மா குல்லாவைக் கசக்குவதை நிறுத்தினார். "நான் தொடவில்லை என்று என் தம்பி ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. சுரண்டுங்கள்," என்றார்.

சங்கம் கூடுவது மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பழைய மண்டபத்தில். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. முப்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். காரைத் தூக்கியில் ஏற்றி உயர்த்தினோம். சங்கத் தலைவர் சுரங்க இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். நேர்மையான மனிதர், அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

அக்கா கதவுத் தூணின் சீட்டைக் காட்டினார். பத்திரத்தைக் காட்டினார். பூச்சில் கீறல் இல்லை என்பதை ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். பின்னால் ஒருவர், "இவர் வழிந்த பெயின்றை நம்பியவர்தானே?" என்று கேட்க, சிலர் சிரித்தார்கள்.

"ஆம், நான்தான்," என்றார் அக்கா. பிறகு சூடான காற்று ஊதும் கருவியையும் ஒரு மரச் சுரண்டியையும் எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். "அதனால்தான் நான் தொடப் போவதில்லை. நீங்களே சுரண்டுங்கள். நீங்களே வாசியுங்கள்."

தலைவர் அதை எதிர்பார்க்கவில்லை. மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்குக் கீழே போனார். நான் விளக்குப் பிடித்தேன். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். பூச்சு இளகி, கறுப்புக் கூழாக மரச் சுரண்டியில் திரண்டு வந்தது. தலைவர் துணியால் துடைத்துத் துடைத்து இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் காரின் இலக்கத்தோடு பொருந்தின. கடைசி இலக்கம் மட்டும் மிச்சம். துடைத்தார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எட்டு," என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் இன்னொரு தடவை துடைத்தார். "பூதக்கண்ணாடி," என்று கையை நீட்டினார். யாரோ கொடுத்தார்கள். என் கையைப் பிடித்து விளக்கைச் சரித்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்து வருவதை நான் பக்கத்திலிருந்து கண்டேன்.

"எட்டுக்குள்," என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எட்டுக்குள் ஒரு மூன்று இருக்கிறது."

எனக்கு அந்த விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "அதையும் அவனே அடித்திருக்கலாமே?" என்று இழுத்தார். தலைவர்தான் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவரைப் பார்த்துச் சீறினார். "எப்படி? இந்தப் பூச்சுக்குக் கீழேயா? அவன் வாங்குவதற்கு ஆறு வருடத்துக்கு முன்னால் வந்து அடித்தானா? போய் அந்தச் சீட்டை வாசி!" நாலு வருடத்துக்கு முன் குற்றம் சாட்டிய அதே மனிதர் இப்போது அந்தத் தம்பிக்காக வழக்காடினார்.

அப்போதுதான் அக்கா சிரித்தார். மெல்ல அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அந்தப் பெரிய மண்டபம் அதிரச் சிரித்தார். "அமெரிக்காவிலை ஒருத்தன் பிழை விட்டான், ஜெர்மனியிலை ஒரு சோம்பேறி அதை மூடிக் காப்பாத்தினான்! இரண்டு பேரும் நல்லா இருக்கோணும்!" என்று தமிழில் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தலைவர் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, "உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்," என்றார்.

"என்னிடம் எதற்கு?" என்றார் அந்த அம்மா. "என்னை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. நாளைக்கு வந்து அவனிடம் சொல்லுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை காலை காரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக நான் லொறியோடு வந்தேன். மண்டபத்து வாசலில் பதினேழு மசில் கார்கள் வரிசையாக நின்றன. அந்த அம்மா கறுப்புக் காரின் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "லொறி தேவையில்லை, இது ஓடும்," என்றார். சங்கத்து ஊர்வலங்களில் தலைவரின் கார்தான் எப்போதும் முன்னே போகுமாம். அன்று அவர் இறங்கி வந்து, கையைக் காட்டி, கறுப்புக் காரை முன்னே விட்டார். அக்கா முன் இருக்கையில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீர் பின்னாலை வாரும்," என்றார்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தாலே பக்கத்து வீட்டுக்காரர் மணி அடிப்பார். அன்று பதினேழு கார்களின் எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் ஊருக்கு நடுவால் உறுமிக்கொண்டு போயின. சனங்கள் ஜன்னலைத் திறந்து கையசைத்தார்கள். எல்லோருக்கும் பின்னால் என் வெறும் லொறி. கையில் வந்த வேலை பறிபோனதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

கல்லறைத் தோட்டத்தில் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் முன் நின்றார். "நீ அந்த இலக்கத்தைத் தொடவில்லை. நாங்கள் உனக்கு அநியாயம் செய்துவிட்டோம்," என்றார். மிக மெல்லச் சொன்னார்.

"சத்தமாகச் சொல்லுங்கள்," என்றார் அந்த அம்மா. "எஞ்சின்களோடு இருந்து அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது."

தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூச்சை இழுத்து, சுரங்கத்தில் இரைச்சலுக்கு நடுவே ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய அந்தத் தொண்டையால் கத்தினார்: "நீ நேர்மையான மனிதன்! உன் கார் அசல்!" பக்கத்துக் கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதபடி, "கேட்டீரோ காணும்? கேட்டீரோ?" என்றார்.

கேட்டேன். அந்த ஊரே கேட்டது.